ஊர்ப் பணம், ஊர் முடிவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை அமெரிக்காவிலிருந்தும் நம் ஊர்களிலிருந்தும் வந்த பல கடிதங்கள் ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன. கம்யூனிட்டி ஃபவுண்டேஷன், அதாவது ஒரு ஊரோ ஒரு மாவட்டமோ தனக்கென்று சேர்த்து வைத்துக்கொள்ளும் பொது நிதியம். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அப்படி ஒரு சிறிய நிதியத்தில் விண்ணப்பங்களைப் படிக்கும் தன்னார்வ வேலையை நானும் செய்து வருகிறேன், அதனால் சில இடங்களில் நீளமாகத்தான் போகும்.

என் கணவருக்கு இங்கே என்ஜின் தயாரிக்கும் கம்பெனியில் வேலை. பள்ளி நூலகத்துக்கு, உணவு வங்கிக்கு, பக்கத்து வீட்டுப் பையனின் கல்லூரிப் படிப்புக்கு என்று எதைக் கேட்டாலும் "கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் கொடுத்தது" என்கிறார்கள். இது அரசாங்கமா, யாராவது பெரிய பணக்காரரா? பணம் எங்கிருந்து வருகிறது?
– வாசகி, கொலம்பஸ், இண்டியானா

அரசாங்கமும் இல்லை, ஒரே பணக்காரரும் இல்லை. உங்கள் கவுண்டியில், அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதியில், வாழ்ந்த, வாழ்கிற பல பேர் போட்ட பணம். சிலர் உயிலில் வீட்டை எழுதி வைத்திருப்பார்கள், சிலர் இறந்துபோன மகன் பெயரில் ஒரு நிதி தொடங்கியிருப்பார்கள், சிலர் மாதம் இருபது டாலர் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து முதலீடு செய்கிறார்கள். அசலைத் தொடுவதில்லை, வருமானத்திலிருந்து மட்டும் கொடுக்கிறார்கள்.

கணக்கு எளிது. ஒரு சிறிய நிதியத்திடம் 50 லட்சம் டாலர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான நிதியங்கள் வருடத்துக்கு 4 அல்லது 5 சதவீதம்தான் வெளியே விடும். 4 சதவீதம் என்றால் 2 லட்சம் டாலர். பங்குச்சந்தை ஒரு வருடம் ஏறும், ஒரு வருடம் விழும், அதற்காக உணவு வங்கிக்கு ஒரு வருடம் நிறையவும் அடுத்த வருடம் ஒன்றுமில்லாமலும் கொடுக்க முடியாது, ஆகவே கடந்த மூன்று வருட மதிப்பின் சராசரியை எடுத்து அதன் மேல்தான் இந்தச் சதவீதத்தைப் போடுவது வழக்கம். இன்னொரு 1 சதவீதம் போல அலுவலகச் செலவுக்குப் போகும். சிறிய நிதியம் என்றால் ஒரு முழுநேர நிர்வாகி, ஒரு பகுதிநேரக் கணக்காளர், மீதி எல்லாம் தன்னார்வலர்கள்.

இதைத் தொடங்கியவர் ஃப்ரெடரிக் கோஃப் என்ற வங்கித் தலைவர், கிளீவ்லாந்து நகரில், 1914 ஜனவரியில். அவர் எதைப் பார்த்து இதைச் செய்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. செத்துப்போனவர்களின் உயில்களை நிர்வகிப்பது அவருடைய வங்கியின் தொழில். நல்ல மனதோடு எழுதிய எத்தனையோ தர்ம உயில்கள், எழுதிய காரணம் மறைந்து போனபின் பயனில்லாமல் கிடப்பதை அவர் அறிந்திருந்தார். செயின்ட் லூயிஸ் நகரின் மேயராக இருந்த பிரையன் முல்லன்ஃபி 1851-இல் இறந்தபோது, மேற்கே குடியேறப் போகும் வழியில் அந்த நகருக்கு வந்து சேரும் ஏழைப் பயணிகளுக்கு உதவ வேண்டும் என்று தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுதி வைத்தார். அன்றைக்கு அது எவ்வளவு பெரிய தேவை! மாட்டு வண்டியில் வந்து, பணம் தீர்ந்து, நோயோடு தெருவில் நின்ற குடும்பங்கள் அவர் கண்முன்னே இருந்தன. அப்புறம் ரயில் வந்தது, வண்டிகள் நின்றன. பணம் மட்டும் அங்கேயே இருந்தது, அதை வாங்கிக்கொள்ளத் தகுதியுள்ள ஆட்கள் அரிதாகிவிட்டார்கள்.

கோஃபின் யோசனை இதுதான்: பணத்தை ஊருக்கென்று கொடுங்கள், வங்கி அதைப் பாதுகாக்கட்டும், அந்தந்தக் காலத்தில் ஊருக்கு எது வேண்டும் என்பதை மேயரும் நீதிபதிகளும் நியமிக்கும் ஆட்களும் அடங்கிய ஒரு குழு முடிவு செய்யட்டும். இன்று அமெரிக்காவில் சுமார் 900 ஊர் நிதியங்கள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

உங்கள் மாநிலத்தில் இது இவ்வளவு பரவியிருப்பதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. இன்சுலின் தயாரிப்பில் பெயர் பெற்ற லில்லி குடும்பத்தார் 1937-இல் தொடங்கிய லில்லி எண்டோமென்ட் என்ற அறக்கட்டளை, 1990-இல் இண்டியானாவின் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு சவால் விட்டது: நீங்கள் உங்கள் ஊரில் பணம் திரட்டினால் நாங்களும் சேர்த்துப் போடுவோம். அதற்கு முன் மாநிலம் முழுக்க ஊர் நிதியங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. இன்று 92 கவுண்டிகளுக்கும் இருக்கிறது. சோளமும் சோயாவும் தவிர வேறெதுவும் இல்லாத கவுண்டியில்கூட, ஊர்க்காரர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து இந்த வருடம் தீயணைப்பு நிலையத்துக்கா, முதியோர் வேன் சேவைக்கா என்று பேசி முடிவெடுக்கிறார்கள்.

ஊரில் பசியோடு ஆட்கள் இருக்கும்போது லட்சக்கணக்கான டாலரை முடக்கிவைத்து வருமானத்தை மட்டும் கொடுப்பது எந்த நியாயம்? எல்லாவற்றையும் இன்றே கொடுத்துவிடலாமே?
– வாசகர், சென்னை

கோபம் நியாயமானது, உங்களுக்கு முன்னாலேயே ஒரு பெரிய கொடையாளர் இதே கோபத்தைப் பட்டிருக்கிறார். சியர்ஸ் என்ற சில்லறை வணிக நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜூலியஸ் ரோசன்வால்ட், தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஊர் மக்களோடு சேர்ந்து கிட்டத்தட்ட 5,000 பள்ளிகள் எழும்ப உதவியவர். "என் பெயரிலான நிதி, நான் இறந்து 25 வருடத்துக்குள் முழுவதும் செலவாகித் தீர வேண்டும்" என்று அவர் சொல்லிவிட்டார். 1932-இல் இறந்தார், 1948-இல் அந்த நிதி கடைசிக் காசு வரை கொடுத்து மூடப்பட்டது. அந்தப் பள்ளிகளில் படித்து வந்த தலைமுறையைப் பார்த்தால் அவர் செய்தது தவறு என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் சிறிய ஊரின் நிலை வேறு. அங்கே இன்னொரு ரோசன்வால்ட் வரமாட்டார். ஊரில் இருந்த தொழிற்சாலை மூடி, பிள்ளைகள் பெரிய நகரத்துக்குப் போய், பெற்றோர் காலமானதும் நிலத்தை விற்ற பணமும் அந்தப் பிள்ளைகளோடு போய்விடும். அந்தச் சொத்தில் 5 சதவீதமாவது ஊரில் நிற்கட்டும் என்பதுதான் நெப்ராஸ்கா போன்ற இடங்களில் கிராமங்களில்கூட இந்த நிதியை வைத்துக்கொள்வதற்குக் காரணம். தோப்பு இருக்கும் வரை காய் இருக்கும், மரத்தை வெட்டிவிட்டால் ஒரு முறை விறகு கிடைக்கும், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். வெள்ளம், கொள்ளைநோய், தொழிற்சாலை மூடல் என்று ஒரு வருடம் வழக்கத்துக்கு மாறாக மோசமாக இருந்தால், 4 சதவீதம் என்று விதியைப் பிடித்துக்கொண்டு உட்காரக் கூடாது. அந்த வருடம் தாராளமாகக் கொடுக்கத் தெரியாத நிர்வாகக் குழு பணத்தைப் பாதுகாக்கிறது, ஊரைப் பாதுகாக்கவில்லை.

நாங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்துகிறோம். லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கான 501(சி)(3) வரிவிலக்குப் பதிவு இருக்கிறது. ஊர் நிதியத்திடம் மானியம் கேட்கலாமா? அவர்கள் எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள்?
– வாசகர், மிச்சிகன்

தாராளமாகக் கேட்கலாம். முதல் வேலை விண்ணப்பம் எழுதுவது இல்லை, தொலைபேசியை எடுப்பது. சிறிய நிதியத்தில் அந்த நிர்வாகியே பேசுவார். இந்த வருடம் எந்தத் துறைக்கு முன்னுரிமை, எவ்வளவு கேட்கலாம், கடைசித் தேதி என்ன என்று அவரிடமே கேளுங்கள். அரை மணி நேரம் பேசினால், கிடைக்காத ஒன்றுக்கு மூன்று வாரம் உட்கார்ந்து எழுதும் உழைப்பு மிச்சம்.

அவர்கள் பணத்தை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் கேட்பது சுலபம். நிபந்தனை இல்லாத பொது நிதி ஒன்று இருக்கும், அதில் குழுவுக்கு முழுச் சுதந்திரம். கல்வி, கலை, குழந்தைகள் என்று துறை குறித்த நிதிகள் இருக்கும். "இந்த நூலகத்துக்கு மட்டும்" என்று பெயர் குறித்த நிதிகள் இருக்கும், அதில் உங்களுக்கு வழியில்லை. கொடையாளர் ஆலோசனை சொல்லும் நிதிகளும் உண்டு, அவை அந்தக் கொடையாளருக்கு உங்களைத் தெரிந்தால்தான். உங்களுக்குப் பொருந்துவது முதல் இரண்டு.

விண்ணப்பத்தில் தமிழின் தொன்மையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதாதீர்கள். எனக்கும் உங்களுக்கும் அது உயிர், ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும் பல் மருத்துவருக்கும் தெரிய வேண்டியது வேறு: இந்தக் கவுண்டியில் எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், கட்டணம் கட்ட முடியாத குடும்பத்துக்கு என்ன செய்கிறீர்கள், உங்கள் விழாவுக்கு ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்களா, நூலகத்தில் இருமொழிக் கதை நேரம் நடத்த முடியுமா, இந்தப் பணம் முடிந்தபின் எப்படித் தொடர்வீர்கள். வரவு செலவுக் கணக்கு ஒரு பக்கத்தில், கூட்டினால் சரியாக வர வேண்டும். கூட்டல் தப்பாக இருக்கும் விண்ணப்பங்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம், குழுவில் யாராவது ஒருவர் அதை நிச்சயம் கண்டுபிடிப்பார். ஒரு சிறிய நிதியத்திலிருந்து முதல் தடவை கிடைப்பது பெரும்பாலும் ஓரிரு ஆயிரம் டாலர்தான், ஐம்பதாயிரம் கேட்டு மலைக்க வைக்காதீர்கள். மானியம் வந்தால் செலவு அறிக்கையைக் குறித்த தேதிக்குள் அனுப்புங்கள். அடுத்த வருடத்துக்கான விண்ணப்பம் அதுதான்.

மிச்சிகனில் இருப்பதால் உங்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. கெல்லாக் ஃபவுண்டேஷன் 1980-களின் இறுதியில் அந்த மாநிலத்தின் ஊர் நிதியங்களிடம், ஒரு பங்குப் பணத்தை இளைஞர்களே முடிவு செய்து கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நிதி கொடுத்தது. இன்றும் அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் குழுவாக உட்கார்ந்து, விண்ணப்பங்களைப் படித்து, நேரில் போய்ப் பார்த்து, வாக்களித்து மானியம் கொடுக்கிறார்கள். உங்கள் பள்ளியின் பெரிய பிள்ளைகளை அந்தக் குழுவில் சேரச் சொல்லுங்கள், மானியத்துக்காக இல்லை. தன் சொந்த நிறுவனம் விண்ணப்பித்தால் அந்த விவாதத்தில் அவர்கள் வெளியே உட்கார வேண்டியிருக்கும். அடுத்தவர் கஷ்டத்தைத் தாளில் படித்து, இருக்கிற பணத்தில் யாருக்கு எவ்வளவு என்று பதினாறு வயதில் முடிவெடுத்துப் பார்த்த பிள்ளை வேறு மாதிரி வளரும். இதற்காகவே சொல்கிறேன்.

குழு உறுப்பினர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கும் ஒரு வார்த்தை. புதுத் திட்டத்துக்கு மட்டும்தான் பணம், வாடகைக்கும் மின்சாரத்துக்கும் சம்பளத்துக்கும் கிடையாது என்ற நிபந்தனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உணவு வங்கியின் குளிர்பதன அறைக்கு மின் கட்டணம் கட்டாமல் எந்தப் புதுத் திட்டம் நடக்கும்? வருடா வருடம் புதிதாக ஏதாவது கண்டுபிடித்தால்தான் பணம் என்று ஆனால், நல்ல வேலை செய்யும் சின்ன அமைப்புகள் உங்கள் படிவத்துக்காகத் திட்டம் தயாரிப்பதிலேயே களைத்துப் போகும். முல்லன்ஃபி உயில் ஒரு நூற்றாண்டுக்குப் போட்ட கட்டுப்பாட்டை நாம் பன்னிரண்டு மாதத்துக்குப் போடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

மகன் பன்னிரண்டாம் வகுப்பு. நாடு முழுக்க நடக்கும் பெரிய ஸ்காலர்ஷிப்களுக்கு விண்ணப்பிப்பதா, உள்ளூர் நிதியத்தில் 1,000, 2,000 டாலர் தருவார்களே அதற்கா? அந்தப் பணம் வந்தால் கல்லூரி தன் உதவியைக் குறைத்துவிடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்.
– வாசகி, இண்டியானா

இரண்டும் செய்யட்டும், ஆனால் முதலில் உள்ளூர். நாடு தழுவிய போட்டியில் பல்லாயிரம் பேர். உங்கள் கவுண்டி நிதியத்தில் ஒரு குறிப்பிட்ட உதவித்தொகைக்குப் பத்துப் பதினைந்து பேர் விண்ணப்பித்தாலே அதிகம், சிலதற்கு ஒருவர்கூட வருவதில்லை. பல நிதியங்களில் ஒரே விண்ணப்பம் போதும். ஒரு முறை நிரப்பினால் எந்தெந்த உதவித்தொகைக்குப் பொருந்துகிறானோ அத்தனைக்கும் அவன் பெயர் போகும்.

உங்கள் மாநிலத்தில் இருப்பதால், லில்லி எண்டோமென்ட் சமூக உதவித்தொகையை நிச்சயம் பார்க்க வேண்டும். 92 கவுண்டிகளுக்கும் உண்டு. இண்டியானாவிலேயே இருக்கும் கல்லூரியில் இளங்கலை படித்தால் நான்கு வருட முழுக் கல்விக் கட்டணமும், புத்தகச் செலவுக்கு ஒரு தொகையும் கிடைக்கும். பணம் லில்லியுடையது, ஆனால் யார் என்று முதலில் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைப்பது உங்கள் கவுண்டியின் ஊர் நிதியம். கோடை விடுமுறையிலேயே விவரம் பார்த்துவிடுங்கள், கடைசித் தேதி கல்வியாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடும்.

பயமுறுத்தியவர் சொன்னதும் உண்மைதான். வெளியிலிருந்து உதவித்தொகை வந்தால், சில கல்லூரிகள் தாங்கள் தருவதாகச் சொன்ன மானியத்தில் அதே அளவைக் கழித்துவிடும். அப்படியானால் ஊர்க்காரர்கள் சேர்த்த பணம் பையனுக்குப் போகவில்லை, கல்லூரிக்குப் போகிறது. இதைத் தடுக்க முதலில் சட்டம் போட்ட மாநிலம் மேரிலாந்து, 2017-இல், அரசுக் கல்லூரிகளுக்கு. வேறு சில மாநிலங்களும் பின்னர் போட்டிருக்கின்றன. நீங்கள் செய்ய வேண்டியது, கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதி, கழித்தே தீர வேண்டுமானால் மானியத்தில் கழிக்காமல் முதலில் கடனிலும், படித்துக்கொண்டே வேலை செய்து சம்பாதிக்கும் வேலை-படிப்பு ஒதுக்கீட்டிலும் கழியுங்கள் என்று கேட்பது. பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள், கேட்காவிட்டால் தானாகச் செய்யமாட்டார்கள். நிதியத்தையும் கேளுங்கள்: முழுத் தொகையையும் முதல் வருடமே அனுப்பாமல் அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைக்க முடியுமா என்று.

கட்டுரை எழுதும்போது அவனுக்கு ஒன்று சொல்லுங்கள். "உலகை மாற்றுவேன்" என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். நான் படித்ததில் மனதில் நின்றவை, தம்பியைப் பள்ளிக்குத் தயார் செய்துவிட்டுத் தான் ஓடுவதையும், மளிகைக் கடையில் மாலை வேலை செய்து அந்தப் பணம் எதற்குப் போகிறது என்பதையும் நேராக எழுதியவை.

நல்ல மதிப்பெண் எடுப்பவர்களுக்குத்தான் எப்போதும் பணமா? சுமாராகப் படிக்கும் பிள்ளைக்கு யார் கொடுப்பார்கள்?
– வாசகர், மதுரை

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தேன். கலமசூ என்று மிச்சிகனில் ஒரு ஊர். 2005 நவம்பரில், பெயர் சொல்ல விரும்பாத சில கொடையாளர்கள் சேர்ந்து ஓர் உறுதி கொடுத்தார்கள்: இந்த ஊர் அரசுப் பள்ளிகளில் படித்துத் தேறும் எந்தப் பிள்ளைக்கும் மாநிலத்துக்குள் கல்லூரிக் கட்டணம் நாங்கள் கட்டுகிறோம். மதிப்பெண் பார்க்கவில்லை, வருமானம் பார்க்கவில்லை. எத்தனை வருடம் அந்த ஊர்ப் பள்ளியில் படித்தாய் என்பது மட்டும்தான் கணக்கு. மழலை வகுப்பிலிருந்து படித்தவருக்கு 100 சதவீதம், ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தவருக்கு 65 சதவீதம். ஏழ்மையை நிரூபிக்கப் படிவம் நிரப்பி வரிசையில் நிற்க வேண்டாம். ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்த குடும்பங்கள் பள்ளிக்காகத் திரும்பி வந்தன.

அதைவிடப் பழைய கதை பெஞ்சமின் ஃபிராங்க்ளினுடையது. 1790-இல் இறந்தபோது பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலா 1,000 பவுண்டு வைத்துவிட்டுப் போனார். தொழில் பழகி முடித்த, கல்யாணமான, 25 வயதுக்குட்பட்ட கைவினைஞர்களுக்குக் கடனாகக் கொடுத்து, 200 வருடம் பெருக்கிக்கொண்டே போக வேண்டும் என்பது நிபந்தனை. பணம் பெருகியது, 1990-இல் கணக்கு முடித்தபோது இரண்டு ஊருக்குமாகச் சேர்த்துப் பல லட்சம் டாலர் இருந்தது. ஆனால் கல்யாணமான இளம் கைவினைஞர் என்ற நிபந்தனையில் அடங்கும் ஆட்கள் இடையிலேயே குறைந்துவிட்டார்கள், அவ்வளவு தொலைநோக்குள்ள மனிதருக்கும் இதுதான் நடந்தது. அவர் நோக்கம் மட்டும் இன்றைக்கும் பொருந்துகிறது: வெல்டிங், மின்பணி, குழாய்ப் பணி கற்கும் பிள்ளைக்கு, கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குச் சமமாகப் பணம் கிடைக்க வேண்டும்.

நிதியத்தில் என் அம்மா பெயரில் ஓர் உதவித்தொகை தொடங்குகிறேன். என் அண்ணன் மகனுக்கு அதைக் கொடுக்கச் சொல்லலாமா?
– வாசகர், டெக்சாஸ்

கூடாது. 2006-இல் வந்த சட்டப்படி, கொடையாளர் ஆலோசனை சொல்லும் நிதியிலிருந்து தனி மனிதருக்கே பணம் போகக் கூடாது. உதவித்தொகைக்கென்று தனி நிதி தொடங்கினால், தேர்வுக் குழுவை நிதியம்தான் நியமிக்கும். நீங்கள் குழுவில் ஒருவராக இருக்கலாம், ஆனால் நீங்களும் உங்களைச் சேர்ந்தவர்களும் பெரும்பான்மையாக இருக்க முடியாது. அண்ணன் மகனுக்கு நேராகவே கொடுங்கள், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

அம்மா பெயரில் தொடங்கும் நிதிக்கு விதி எழுதும்போது அகலமாக எழுதுங்கள். இந்தப் பள்ளியில் படித்து, இந்தப் பாடத்தை எடுத்து, இந்த வாத்தியம் வாசிக்கும் பெண் என்று அடுக்கிக்கொண்டே போனால் ஆளே கிடைக்காது. "இந்தக் கவுண்டியில் படித்த, பணத் தேவையுள்ள மாணவர்" என்பது போதும்.

நாங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியின் பழைய மாணவர்கள். சில லட்சம் சேர்ந்திருக்கிறது. எங்கள் ஊருக்கு இப்படி ஒன்று ஆரம்பிக்க முடியுமா?
– வாசகர், தென்காசி மாவட்டம்

முடியும். ஒரு ஆடிட்டரை வைத்துக்கொண்டு, அறக்கட்டளைப் பத்திரம் எழுதி, சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். அப்புறம் வருமான வரித்துறையில் அறநிறுவனப் பதிவு, கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்க 80ஜி என்று எல்லோரும் சொல்லும் அனுமதி. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது, வங்கி வழியாகவே வாங்குங்கள்.

அசலை அப்படியே வைத்திருக்க வேண்டுமென்றால் ஒன்று முக்கியம். சாதாரணமாக அறக்கட்டளை தன் வருட வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த வருடமே செலவழிக்க வேண்டும். "இது மூலதன நிதிக்கு" என்று கொடையாளர் எழுத்தில் கொடுத்து, நீங்களும் அதைச் சட்டம் அனுமதிக்கும் வங்கி வைப்பு போன்ற முதலீட்டில் தனியாக வைத்தால்தான் அந்தப் பணம் இந்தக் கணக்கில் வராது. ரசீதிலேயே அந்த வரியை அச்சடித்துவிடுங்கள். உங்கள் அறக்கட்டளை ஊரில் உள்ள இன்னொரு பதிவு பெற்ற அமைப்புக்குப் பணம் கொடுத்தால், கொடுத்ததில் 85 சதவீதம்தான் செலவாகக் கணக்கில் ஏறும், இதையும் ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

இப்போது மாணவர்கள். அரசு ஏற்கெனவே கொடுப்பதை நீங்களும் கொடுக்க வேண்டாம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது, பையன்களுக்கு 2024-இல் தமிழ்ப் புதல்வன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் தொழிற்கல்வியில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்பதாக அறிவித்தது. முதல் பட்டதாரிச் சலுகையும் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பாருங்கள். கலந்தாய்வுக்குப் போக வரப் பேருந்துச் செலவு, சேரும் நாளில் கையில் வேண்டிய முன்பணம், விடுதியில் முதல் மாதச் சாப்பாடு, சான்றிதழ் வாங்க அப்பா விடும் இரண்டு நாள் கூலி, ஒரு செகண்ட்ஹேண்ட் லேப்டாப். உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வந்து சேரும்வரை இந்த இடைவெளியை அடைக்க ஆளில்லாமல், சீட் கிடைத்தும் சேராமல் போன பிள்ளைகள் உங்கள் பள்ளியிலேயே இருப்பார்கள், தலைமையாசிரியரைக் கேளுங்கள். சில லட்சத்தின் வட்டியில் இதைச் செய்ய முடியும். ஜூன், ஜூலையில் இரண்டே நாளில் பணம் கைக்குப் போகிற மாதிரி விதியை வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவில் பழைய மாணவர்கள் மட்டும் வேண்டாம். ஓர் ஆசிரியர், ஒரு கிராம செவிலியர், சுய உதவிக் குழுவில் இருக்கும் ஒரு பெண், காலனியிலிருந்தும் மேலத் தெருவிலிருந்தும் ஆட்கள் இருக்கட்டும். ஒரே சாதிக்காரர்கள் உட்கார்ந்து முடிவு செய்தால் பணம் எந்தத் தெருவில் நின்றுவிடும் என்று உங்களுக்கே தெரியும். அதோடு, பிள்ளையை மேடையில் ஏற்றிப் பெரிய அட்டைக் காசோலையைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்து பேனர் வைக்காதீர்கள். அந்தப் பெண் மறுநாள் அதே வகுப்பில் போய் உட்கார வேண்டும். கணக்கை ஊர் முழுக்கத் தெரியும்படி ஒட்டுங்கள், எவ்வளவு வந்தது, எத்தனை பேருக்குப் போனது என்று. பெயர்கள் வேண்டாம்.

நான் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டேன். சொந்த ஊர் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பலாமா?
– வாசகி, சிங்கப்பூர்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. உங்களைப் போல வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தின் கீழ் வரும். அந்த அறக்கட்டளைக்கு அந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும், பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின், அப்படி வந்த பணத்தை அவர்கள் இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. புதிதாகத் தொடங்கிய சிறிய அறக்கட்டளைக்கு இந்தப் பதிவு உடனே கிடைப்பது கஷ்டம், பொதுவாக மூன்று வருடம் இயங்கி, 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

உங்கள் உறவில் யார் பெயருக்காவது அனுப்பி அவர் மூலமாகக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், மாட்டிக்கொள்வது அந்தச் சிறிய அறக்கட்டளைதான். ஏற்கெனவே எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உள்ள, உங்கள் மாவட்டத்திலேயே நேரடியாக வேலை செய்யும் அமைப்பைத் தேடி, பதிவு எண்ணை உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள். அனுப்பும்போது "எது தேவையோ அதற்குச் செலவழியுங்கள்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.